எட்டாவது அடுக்கில் தெரியும் தரம்: ஒரு லூப்பர் பெடலைத் தேர்ந்தெடுத்த அனுபவம்

லூப்பர் பெடல் என்பது, வாசித்ததைப் பதிவு செய்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, அதன்மேல் புதிய அடுக்குகளைச் சேர்க்க உதவும், காலால் இயக்கும் சிறு கருவி. அதில் ஆறாவது அடுக்கைப் பதிவு செய்து முடித்தபோது, நான் வாசிக்காத ஓர் ஒலியும் அறையில் கேட்டுக்கொண்டிருந்தது. ஏ மைனரில் நான்கு கார்டுகள் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக் கூட்டுகள்), அவற்றின் மேல் கட்டைவிரலால் மீட்டிய கீழ்த்தந்திச் சுரங்கள், அதற்கும் மேல் சுரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மீட்டிய மெல்லிய ஆர்பெஜியோ என்று அடுக்கிக்கொண்டே போனதில், முதலில் வாசித்த கார்டுகள் போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் மங்கிவிட்டன. அவற்றின் பின்னால் கொசுவின் ரீங்காரம் போன்ற கூரிய ஒலி ஒன்றும், அதற்கும் அடியில் மின்மாற்றியின் உறுமல் போன்ற இரைச்சலும் நிலைத்து நின்றன. மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கிய விலை குறைந்த சிறிய லூப்பர் பெடல்தான் குற்றவாளி என்று அன்றே தீர்மானித்து, நல்ல ஒலித்தரம் உள்ள வேறொன்றைத் தேடத் தொடங்கினேன். அந்தத் தீர்மானம் பாதிதான் சரி என்று தெரிந்துகொள்ள நான்கு வாரக் கடைசிகள் பிடித்தன.

என்னிடம் இருப்பவை தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்புகள் கொண்ட ஓர் எலெக்ட்ரிக் கிட்டார், ஒலிக்கு உரசல் தரும் ஓர் ஓவர்டிரைவ் பெடல், எதிரொலி தரும் ஒரு டிலே பெடல், வீட்டுப் பயிற்சிக்கான 15 வாட் ஆம்ப் (ஒலிபெருக்கி) ஆகியவை மட்டுமே. பெரும்பாலும் தனியாகத்தான் வாசிக்கிறேன். ஆகவே உள்ளேயே டிரம்ஸ் தாளங்கள் இருக்க வேண்டும், நூறு லூப்களைச் சேமித்து வைக்க வேண்டும் என்ற தேவைகள் எனக்கு இல்லை. நான் வாசித்தது எதுவோ அதுவே கூடாமல் குறையாமல் திரும்பி வருகிறதா என்ற ஒரே கேள்விக்குத்தான் விடை வேண்டியிருந்தது. கேள்வி சிறியதாகத் தோன்றினாலும், அதற்குள் வேறு மூன்று கேள்விகள் ஒளிந்திருந்தன. லூப் எதுவும் ஓடாதபோது பெடலின் வழியாகக் கடந்து செல்லும் நேரடி ஒலி மாறாமல் இருக்கிறதா? முதல் முறை திரும்பி வரும் ஒலி, வாசித்ததைப் போலவே இருக்கிறதா? அதன்மேல் அடுக்கிக்கொண்டே போகும்போது முதல் அடுக்கு முதல் அடுக்காகவே நீடிக்கிறதா? விளம்பர அட்டைகளில் முதலிரண்டு கேள்விகளுக்கு ஓரளவு விடை கிடைக்கும். மூன்றாவதற்கு நாமே சோதித்துப் பார்த்தால்தான் உண்டு.

அட்டையில் முதலில் கண்ணில் படுவது பிட் கணக்கு, அதாவது ஒலியின் ஒவ்வோர் அளவீடும் எத்தனை இரும இலக்கங்களில் எழுதப்படுகிறது என்பது. 16 பிட் பதிவில் மிகச் சன்னமான ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே கோட்பாட்டளவில் 96 டெசிபல் இடைவெளி கிடைக்கிறது. 24 பிட் பதிவில் அது 144 டெசிபலாகிறது. நடைமுறையில் எந்த மின்சுற்றும் 144 டெசிபலை எட்டுவதில்லை. சிங்கிள் காயில் கிட்டாரின் சொந்த இரைச்சலே 16 பிட்டின் அடித்தளத்தைவிட மிக உயரத்தில் இருக்கும் என்பதால், 24 என்ற எண்ணைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. இருந்தாலும் அதனால் ஒரு பயன் உண்டு. சமிக்ஞையைத் தாழ்த்தி உள்ளே அனுப்பினாலும் பதிவு கெடுவதில்லை. அடுக்குகள் சேரும்போது உச்சியில் முட்டாமல் இருப்பதற்கு இடமும் கிடைக்கிறது.

ஒலி வினாடிக்கு எத்தனை முறை அளவிடப்படுகிறது என்ற சாம்பிள் ரேட் பற்றி நான் கவலைப்படவில்லை. 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்தால் ஏறத்தாழ 22 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலி பதிவாகும். எலெக்ட்ரிக் கிட்டாருக்கான ஆம்பின் ஸ்பீக்கரோ 5 கிலோஹெர்ட்ஸைத் தாண்டியதுமே வேகமாகச் சரிந்துவிடும். அக்கூஸ்டிக் கிட்டாரை மேடை ஒலிபெருக்கியில் நேரடியாக இணைப்பவர்களுக்கு அந்த மேற்பகுதி தேவைப்படும், எனக்குத் தேவைப்படாது. நினைவகத்தின் கணக்கு இன்னும் எளியது. ஒரே சேனலில் 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 1,32,300 பைட்டுகள். ஐந்து நிமிடங்களுக்குக் கிட்டத்தட்ட 40 மெகாபைட். நினைவகம் விலை கூடியதாக இருந்த காலத்தில் இது பெரிய தொகை. 1999-இல் வெளிவந்து புகழ்பெற்ற லைன் 6 டிஎல்4 பெடலின் லூப்பரில் 14 வினாடிகள்தான் பதிவு செய்ய முடிந்தது. இன்று அந்த நெருக்கடி இல்லை. ஆகவே பதிவு நேரத்தைப் பெரிய எழுத்தில் விளம்பரப்படுத்தும் பெடலைவிட, அழுத்தப்படாத ஒலியாகச் சேமிக்கிறது என்று சொல்லும் பெடலே என் கவனத்தை ஈர்த்தது.

படித்துப் பார்த்ததில் மூன்று பெடல்கள் மிஞ்சின. டிசி எலெக்ட்ரானிக் நிறுவனத்தின் டிட்டோ, ஒரே சுவிட்சும் ஒரே குமிழும் கொண்ட மோனோ பெடல். அதில் 24 பிட் அழுத்தப்படாத பதிவும், ஐந்து நிமிட நேரமும், அணைத்திருக்கும்போது ஒலியை எந்த மின்சுற்றும் தொடாமல் கடத்தும் ட்ரூ பைபாஸும் உண்டு. நேரடி ஒலியை டிஜிட்டலாக மாற்றாமல் அனலாக் பாதையிலேயே கடத்திவிடும் அமைப்பும் உண்டு. பாஸ் நிறுவனம் 2020-இல் வெளியிட்ட ஆர்சி-5, ஸ்டீரியோ வசதியோடு 32 பிட் மாற்றிகளையும் 32 பிட் மிதவைப்புள்ளிக் கணக்கீட்டையும் கொண்டது. எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் 720 பெடலில் 720 வினாடிகளும் பத்து லூப்களும் ஸ்டீரியோவும் கிடைக்கின்றன. முதலிரண்டும் நண்பர்களிடம் இருந்தன. மூன்றாவதைக் கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைக்காததால், அதை ஒதுக்கிவிட்டு மற்ற இரண்டையும் என் பழைய பெடலோடு மேசையில் வரிசையாக வைத்தேன்.

நேரடி ஒலியைச் சோதிப்பதில் முதல் வாரக் கடைசி கழிந்தது. கிட்டாரிலிருந்து ஆம்புக்கு இரண்டு கேபிள்களை நேராகக் கோத்து வாசித்துவிட்டு, பிறகு அவற்றின் இடையில் ஒவ்வொரு பெடலாக இணைத்து அதையே வாசித்து, ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகக் கணினியில் பதிவு செய்தேன். பழைய பெடல் இணைந்ததும் ஒலி லேசாகத் தாழ்ந்தது. மேல் சுரங்களில் இருந்த மினுக்கமும் குறைந்தது. டிட்டோவை இணைத்தபோது என் காதுக்கு வேறுபாடு எதுவும் எட்டவில்லை. ஆர்சி-5-ஐ இணைத்தபோதோ ஒலி ஒரு சிட்டிகை தெளிவடைந்ததுபோல் இருந்தது. பெடலே ஒலியைச் சிறப்பாக்குகிறதோ என்று முதலில் வியந்தேன். காரணம் கேபிளில் இருந்தது. என் இரண்டு கேபிள்களும் சேர்ந்து பத்து மீட்டர் நீளம். கேபிளின் மின்தேக்கம் மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் என்று கொண்டால் மொத்தம் 1,000 பிகோஃபாரட் ஆகிறது. 2.5 ஹென்றி தூண்டம் உள்ள பிக்கப்போடு இது சேரும்போது ஒத்ததிர்வு உச்சம் (இதற்கு மேலான ஒலிகள் மங்கிவிடும்) ஏறத்தாழ 3,200 ஹெர்ட்ஸில் அமைகிறது. கேபிளைப் பாதியாகக் குறைத்தால் அதுவே 4,500 ஹெர்ட்ஸுக்கு ஏறுகிறது. பாஸ் பெடல்களில் ட்ரூ பைபாஸுக்குப் பதில், சமிக்ஞைக்கு வலுவூட்டி அனுப்பும் பஃபர் என்ற சுற்று இருப்பதால், பிக்கப்பின் தோளில் பெடல் வரையிலான கேபிளின் சுமை மட்டுமே விழுகிறது. ட்ரூ பைபாஸ் என்றால் எப்போதும் மேல், பஃபர் என்றால் எப்போதும் கீழ் என்று பேசுவதில் அர்த்தமில்லை என்று அன்று உறுதியாயிற்று. நீளமான கேபிள் வைத்திருப்பவருக்கு நல்ல பஃபர் ஒன்று எங்காவது ஓரிடத்தில் இருந்தே ஆக வேண்டும். என் சங்கிலியில் ஓவர்டிரைவ் பெடலே அந்த வேலையைச் செய்வதால் லூப்பரிடம் அதை எதிர்பார்க்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது சோதனையில் கொஞ்சம் ஏமாந்தேன். ஒரே வாசிப்பை இரண்டு முறை ஒன்றுபோல் வாசிக்க எந்தக் கைக்கும் வராது என்பதால், ஏற்கெனவே பதிவு செய்த பத்து வினாடிக் கிட்டார்த் துணுக்கை இன்டர்ஃபேஸின் வெளியீட்டிலிருந்து, அளவைத் தாழ்த்தி, பெடலுக்குள் செலுத்தினேன். பெடல் திருப்பித் தந்ததை மீண்டும் கணினியில் பதிவு செய்து, தலைகீழாகப் புரட்டி, மூலத்தோடு கூட்டினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து மௌனமே மிஞ்ச வேண்டும். மிஞ்சும் ஒலி எதுவோ அதுவே பெடல் செய்த மாற்றம். தொடக்கத்தில் அழகாக அழிந்த ஒலி, துணுக்கின் முடிவை நெருங்க நெருங்க மேல் சுரங்களோடு திரும்பி வந்தது. மூன்று பெடல்களிலும் இப்படியே நடக்கக் கண்டு, தலையைச் சொறிந்துகொண்டு ஒரு மாலையைக் கழித்தேன். பிறகுதான் உறைத்தது. பெடலுக்குள் ஒரு கடிகாரமும் இன்டர்ஃபேஸுக்குள் இன்னொரு கடிகாரமும் ஓடுகின்றன. இரண்டுக்கும் பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபாடு இருந்தாலே பத்து வினாடியில் 0.2 மில்லிவினாடி விலகல் சேர்ந்துவிடும்; 2,500 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அது சரியாக அரை அலை. கடிகாரங்களைப் பிணைக்க வழியில்லாத இடத்தில் இந்தச் சோதனை நீண்ட துணுக்குகளுக்கு உதவாது. ஆகவே அதைக் கைவிட்டு, ஒலி அளவுகளைச் சமன்படுத்தி, எது மூலம் எது பிரதி என்று தெரியாதபடி கலைத்து வைத்துக் கேட்டேன். ஒலி அளவைச் சமன்படுத்துவது முக்கியம். அரை டெசிபல் உரக்க ஒலிப்பதைத்தான் காது எப்போதும் நல்ல தரம் என்று தேர்ந்தெடுக்கும். அப்படிக் கேட்டதில் டிட்டோவிலும் ஆர்சி-5-இலும் மூலத்தையும் பிரதியையும் என்னால் பிரித்தறிய முடியவில்லை. பழைய பெடலில் பெரும்பாலான முறை சரியாகக் கண்டுபிடித்தேன். ஆனால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியிருந்தது. அன்று என்னைத் திடுக்கிடச் செய்த மங்கல் இங்கே அகப்படவில்லை.

அது மூன்றாவது சோதனையில் அகப்பட்டது. லூப்பர் வாங்க நினைப்பவர்களுக்கு நான் பரிந்துரைக்கக்கூடிய சோதனை இது ஒன்றுதான். கணினியோ இன்டர்ஃபேஸோ இதற்குத் தேவையில்லை, கடையில் நின்றுகொண்டே செய்துவிடலாம். பிரகாசமான ஒரு கார்டு வரிசையை ஒரு சுற்றுப் பதிவு செய்ய வேண்டும். பிறகு கிட்டாரின் வால்யூம் குமிழை முழுவதும் குறைத்துவிட வேண்டும். வழக்கமான இணைப்பு முறையில் இது பெடலின் உள்ளீட்டைத் தரையோடு குறுக்கிணைப்பதற்குச் சமம் என்பதால் பிக்கப்பின் இரைச்சல் கணக்கிலிருந்து விலகிவிடுகிறது. அதன்பின் எதுவும் வாசிக்காமல் ஓவர்டப்பை (ஓடும் லூப்பின் மேல் புதிய அடுக்கைப் பதிவு செய்யும் நிலையை) மட்டும் பத்துச் சுற்றுகள் ஓட விட்டுவிட்டு, பத்தாவது சுற்றை முதல் சுற்றோடு ஒப்பிட வேண்டும். பழைய அடுக்கை அப்படியே வைத்துக்கொண்டு புதியதை அதனோடு கூட்டும் பெடலில் இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும். ஒவ்வொரு சுற்றிலும் பழையதைத் தேய்த்து எழுதும் பெடலில் தேய்மானம் பத்து மடங்காகப் பெருகி வெளிச்சத்துக்கு வந்துவிடும். என் பழைய பெடலில் பத்தாவது சுற்று 3 டெசிபல் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. மீட்டும் வில்லையான பிளெக்ட்ரம் தந்தியில் படும் ஒலி அநேகமாகக் காணாமலே போயிருந்தது. மற்ற இரண்டிலும் பத்துக்கும் ஒன்றுக்கும் வேறுபாடு கேட்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து வந்த கார்டுகளின் மர்மம் இத்தோடு தீர்ந்தது.

ஆனால் கொசுவும் உறுமலும் தீரவில்லை. இரண்டு நல்ல பெடல்களையும் என் வழக்கமான இணைப்பில் வைத்து வாசித்தபோது அவை அப்படியே உடன் வந்தன. லூப்பரைக் குறை சொன்ன வாய் இங்கேதான் அடைபட்டது.

உறுமலின் கணக்கு எளிது. ஒவ்வொரு ஓவர்டப்பிலும் வாசிப்போடு சேர்ந்து அந்த நேரத்து இரைச்சலும் பதிவாகிறது. ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இரைச்சல்கள் சேரும்போது எண்ணிக்கை இரட்டிக்கும்தோறும் 3 டெசிபல் ஏறும். இரண்டு அடுக்கில் 3, நான்கில் 6, எட்டில் 9 டெசிபல். அதாவது தனியாக வாசிக்கும்போது பொருட்படுத்தத் தேவையில்லாத ஹம் என்னும் அந்த உறுமல், எட்டாவது அடுக்கில் ஏறக்குறைய இரு மடங்கு உரப்பாகக் காதில் விழுகிறது. எந்த விலையுள்ள லூப்பரும் இதைத் தடுக்காது. நேர்மையான லூப்பர் இதையும் நேர்மையாகத்தான் திருப்பித் தரும். என் நாற்காலி, கணினிக்கும் மின்விசிறி ரெகுலேட்டருக்கும் இடையே இருந்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கிட்டார் எந்தத் திசையைப் பார்க்கும்போது ஹம் மிகக் குறைகிறதோ அந்தத் திசையில் உட்கார்ந்தேன். நடு பிக்கப் எதிர்த்திசையில் சுற்றப்பட்டிருப்பதால் பிக்கப் சுவிட்சின் இரண்டாவது, நான்காவது நிலைகளில் ஹம் பெருமளவு அழிந்துவிடும் என்பதும் தெரிந்ததே. பின்னணி அடுக்குகளை அந்த நிலைகளிலேயே வாசிக்கத் தொடங்கினேன். இவை இரண்டையும்விட அதிகம் உதவியது ஒரு பழக்கம். வாசித்து முடித்த அடுத்த நொடியே சுவிட்சைத் தட்டி ஓவர்டப்பிலிருந்து வெளியேறிவிட வேண்டும். அடுத்து என்ன வாசிக்கலாம் என்று யோசித்துக்கொண்டே ஓவர்டப்பை மூன்று நான்கு சுற்றுகள் ஓடவிட்டு, வெறும் ஹம்மை மட்டும் அடுக்கிக்கொண்டிருந்தது நானேதான்.

கொசுவின் ரீங்காரத்தைத் தேடியது தனிக் கதை. அது லூப் ஓடாதபோதும் மெல்லக் கேட்டது. ஓவர்டிரைவை இயக்கினால் உரத்தது. லூப்பருக்கு மின்சாரம் தரும் முனையைப் பிடுங்கினால் நின்றது. இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் மீண்டும் லூப்பர் மேல்தான் சந்தேகம் விழும். ஓவர்டிரைவ் பெடலில் 9 வோல்ட் பேட்டரி ஒன்றைப் போட்டு, அதன் அடாப்டர் முனையைக் கழற்றிப் பார்த்தேன். லூப்பர் ஓடிக்கொண்டே இருந்தும் ரீங்காரம் அடங்கிவிட்டது. மூன்று பெடல்களுக்கும் ஒரே அடாப்டரிலிருந்து டெய்சி செயின் கேபிளில் மின்சாரம் பிரித்துக் கொடுத்திருந்தேன். டிஜிட்டல் பெடலின் செயலி மின்னோட்டத்தைச் சீராக இழுக்காமல் துடித்துத் துடித்து இழுக்கிறது. அந்தத் துடிப்பு பொதுவான தரைக் கம்பியின் வழியே பக்கத்துப் பெடலுக்குள் நுழைய, ஓவர்டிரைவ் அதை ஒலியாகவே எண்ணிப் பெருக்கிவிடுகிறது. லூப்பருக்கென்று தனி அடாப்டர் வாங்கி இணைத்ததும் பிரச்சினை முடிந்தது. வாங்கும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் முனையின் நடுப்பகுதி எதிர்மின்னாக இருக்க வேண்டும். வீட்டில் கிடக்கும் வேறு கருவிகளின் அடாப்டர்களில் இது பெரும்பாலும் நேர்மாறாக இருக்கும் என்பதால், அவற்றைச் செருகிப் பார்த்துவிடக் கூடாது. அடுத்தது மின்னோட்டம். டிட்டோவுக்கு 100 மில்லிஆம்பியரும் ஆர்சி-5-க்கு 170 மில்லிஆம்பியரும் தேவை. பல பவர் சப்ளைகளில் சில வெளியீடுகள் 100 மில்லிஆம்பியர் மட்டுமே தரும் என்பதால், எந்த முனையில் எதைச் செருகுகிறோம் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மற்றொரு குழப்பம் ஆம்பிலிருந்து வந்தது. ஐந்தாவது அடுக்கில் ஒலி கரகரத்து உடைந்ததை, பெடலின் கொள்ளளவு நிறைந்துவிட்டதன் அடையாளமாக நினைத்திருந்தேன். ஆம்பை விட்டுவிட்டு இன்டர்ஃபேஸில் இணைத்து ஹெட்ஃபோனில் கேட்டால் அதே லூப் தெளிவாக இருந்தது. உடைந்தது ஆம்பின் உள்ளீட்டுப் பகுதி. ஒரே ஒரு கிட்டாருக்கு அழகாக உரசும் ஆம்ப், ஐந்து கிட்டார்கள் ஒரே நேரத்தில் நுழையும்போது அவற்றை ஒன்றோடொன்று கலந்து சேறாக்கிவிடுகிறது. இதே காரணத்தால் ஓவர்டிரைவ் லூப்பருக்கு முன்னால் இருந்தாக வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு அடுக்கும் தன் உரசலோடு தனித்தனியே பதிவாகிறது. டிலேயையும் முன்னால் வைத்தேன். ஆம்பைச் சுத்தமான ஒலியில் நிறுத்தி, லூப்பரின் குமிழைத் திரும்பும் ஒலி நேரடி வாசிப்பைவிடச் சற்றே தாழ்ந்திருக்கும்படி திருப்பிவைத்தேன். ஆம்பின் உள்ளீட்டுப் பகுதிக்குப் பின்னால் பெடல்களை இணைக்க உதவும் எஃபெக்ட்ஸ் லூப் உள்ள ஆம்ப் வைத்திருப்பவர்கள் லூப்பரை அங்கே வைக்கலாம். ஆனால் சில ஆம்புகளில் அந்த இடத்துச் சமிக்ஞை கிட்டார் அளவைவிட மிக வலுவாக இருக்கும் என்பதால், அந்த அளவைப் பெடல் தாங்குமா என்று பார்த்துவிட்டே வைக்க வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகே பெடலைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு வந்தேன். ஒலித்தரத்தில் இரண்டுமே தேறிவிட்டதால், முடிவைத் தீர்மானித்தது லூப்பின் முடிவும் தொடக்கமும் சேரும் மூட்டுவாய். டிட்டோவில் முதல் தட்டலில் பதிவு தொடங்கும், இரண்டாவது தட்டலில் லூப் ஒலிக்கத் தொடங்கும். கடைசிக் கார்டின் கார்வை அந்த இடத்தில் வெட்டுப்படும். ஆர்சி-5-இல் பதிவு முடிந்ததும் நேராக ஓவர்டப்புக்குள் செல்லும்படி மாற்றிவைத்துக்கொள்ளலாம். அப்போது கார்வையின் வால் அடுத்த சுற்றின் தலையில் பதிவாகி மூட்டு மறைந்துவிடும். ஆதி தாளத்தில் எட்டு அட்சரங்களை ஒரு சுற்றாகப் பிடிக்கும்போது இது நன்றாகவே உறைக்கும். தாளச் சுற்றின் தொடக்கமான சமத்தில் கால் விழுந்தாக வேண்டும், சுரமும் அறுபடக் கூடாது. டிட்டோவில் அதே பலனைப் பெற, பதிவை முடிக்கும் தட்டலையடுத்து உடனே இன்னொரு தட்டல் தட்டி ஓவர்டப்புக்குள் போய்விட வேண்டும். இரண்டு தட்டல்களும் மிக நெருங்கினால் பெடல் அதை நிறுத்தச் சொல்லும் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் என்பதால், இடையே ஒரு மூச்சு விட வேண்டியிருக்கிறது. ஒரு வாரப் பழக்கத்தில் கால் அதைக் கற்றுக்கொண்டது.

அக்கூஸ்டிக் கிட்டாரை ஸ்டீரியோவில் இசைக்கும் நண்பருக்கு ஆர்சி-5-ஐ விட்டுத்தர மனம் வராததும், எனக்கு ஸ்டீரியோ தேவைப்படாததும், நேரடி ஒலி அனலாக் பாதையிலேயே செல்வது பிடித்திருந்ததும் சேர்ந்து டிட்டோவையே வாங்க வைத்தன. மேடையில் பாடலின் பகுதிகளைத் தனித்தனி லூப்களாக மாற்றி மாற்றி வாசிப்பவராக நான் இருந்திருந்தால் தயங்காமல் மற்றதைத் தேர்ந்தெடுத்திருப்பேன்.

பழைய பெடலை விற்கவில்லை. 1970-களில் ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப், இரண்டு ரெவாக்ஸ் டேப் ரெக்கார்டர்களுக்கு இடையே ஒரே நாடாவை ஓடவிட்டு அடுக்கிய இசையில், ஒவ்வொரு சுற்றிலும் மேல் சுரங்கள் உதிர்ந்து பழைய அடுக்கு பின்னணிக்குள் மெல்லக் கரைந்துபோகும். தேய்மானம் அங்கே குறையாக இல்லாமல் இசையின் பகுதியாகவே இருந்தது. தனி அடாப்டரில் இணைத்ததும் என் பழைய பெடலின் ரீங்காரமும் நின்றுவிட்டது. பத்தாவது சுற்றில் 3 டெசிபல் தாழ்வது மட்டும் மாறவில்லை. நீண்ட சுரங்களை அடுக்கி, பழையவை தாமாகவே மங்கிப் புதியவற்றுக்கு இடம்விட வேண்டும் என்று தோன்றும் மாலைகளில் அதையே எடுத்து இணைக்கிறேன்.